சேற்றுக் குமிழியின் வழிச்செலவு

முழங்கால் ஆழத் தண்ணீர் தேங்கிய சதுப்பில் ஒரு கம்பை ஊன்றி அசைத்தால் பொலபொலவென்று குமிழிகள் கிளம்பும். கூடவே அழுகிய முட்டை நாற்றமும் வரும். பலரும் அந்த நாற்றத்தைத்தான் மீத்தேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். குமிழியில் இருக்கும் எரியும் வாயுவான மீத்தேனுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நாறுவது ஹைட்ரஜன் சல்பைடு. சேற்றில் சல்பேட் உப்பு இருந்தால், அதைக் கொண்டு பிழைக்கும் வேறொரு பாக்டீரியாக் கூட்டத்தின் வேலை அது. சொல்லப்போனால், நாற்றம் தூக்கலாக அடிக்கும் சேற்றில் மீத்தேன் குறைவாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். காரணம் பின்னால் வருகிறது.

இந்தக் குமிழியை முறையாகப் பிடித்து ஆராய்ந்தவர் இத்தாலிய இயற்பியலாளர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா. 1776 நவம்பரில், வட இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரையில் சேற்றைக் கிளறி, நீர் நிரப்பிக் கவிழ்த்த சீசாவில் குமிழிகளைச் சேர்த்தார். நெருப்புக் காட்டியதும் நீலச் சுடராக எரிந்தது. 1783 நவம்பரில் அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனும் எழுத்தாளர் தாமஸ் பெயினும் நியூ ஜெர்சியில் ஓர் ஆற்றின் மேல் படகில் போய், ஆட்களை விட்டு அடிச்சேற்றைக் கிண்டச் சொல்லி, நீர்ப்பரப்புக்கு மேலே எரியும் காகிதத்தைப் பிடித்துப் பார்த்தார்கள். தீப்பற்றியது. எரிவது சேற்றிலிருந்து வரும் வாயுவா, வேறெதுவுமா என்ற வழக்கு அத்துடன் வாயுவின் பக்கம் தீர்ந்தது. கொள்ளிவாய்ப் பிசாசுக் கதைகளுக்கும் இந்த வாயுவையே காரணமாகச் சொல்வதுண்டு. ஆனால் மீத்தேன் தானாகப் பற்ற 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். காற்றில் அதன் அளவும் 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்த இரவில் அந்த முதல் பொறி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் பிசாசை மீத்தேன் கணக்கில் எழுதிவிடுவது கொஞ்சம் அவசரம்.

சேறு உண்டாக்கும் மீத்தேன் வேறு, சதுப்பு காற்றுக்குக் கொடுக்கும் மீத்தேன் வேறு. இரண்டுக்கும் நடுவே பெரிய வழிச்செலவு இருக்கிறது: வெளியேறும் வழியிலேயே தீர்ந்துபோகும் பங்கு. அதைக் கணக்கில் எடுக்காமல் பேசுவதால்தான் ஒருவர் சதுப்புகளைப் புவி வெப்பத்தின் குற்றவாளி என்கிறார், இன்னொருவர் அவற்றை மாசே இல்லாத கார்பன் பெட்டகம் என்கிறார்.

இலை விழுந்த பிறகு

ஒரு கோரைத் தாள் பழுத்துத் தண்ணீரில் சாய்கிறது. ஆக்சிஜன் நீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப் போலச் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மேலிருந்து மெல்லக் கசிந்து வரும் கொஞ்ச ஆக்சிஜனையும் சேற்றின் மேல்தோலில் உள்ள நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. பல சேறுகளில் அந்தப் பழுப்புநிற மேல்தோலின் கனம் சில மில்லிமீட்டர்தான். ஒரு கண்ணாடிக் குழாயைச் செங்குத்தாக இறக்கிச் சேற்றை எடுத்துப் பார்த்தால் எல்லை கண்ணுக்கே தெரியும்: மேலே துருநிறம், கீழே சாம்பல், அதற்கும் கீழே கரும்புள்ளிகள். துருநிறம் ஆக்சிஜனோடு சேர்ந்த இரும்பு. கறுப்பாகத் தெரிவது இரும்பு சல்பைடு.

ஆக்சிஜன் தீர்ந்தவுடன் மீத்தேன் வந்துவிடாது. இங்கே ஒரு பந்தி வரிசை இருக்கிறது. மக்கும் பொருளிலிருந்து வெளிப்படும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள முதலில் நைட்ரேட் முன்வரும். அது தீர்ந்தால் மாங்கனீசு, பிறகு இரும்பு, அதற்கும் பிறகு சல்பேட். ஒவ்வொரு படியிலும் நுண்ணுயிருக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே வரும். எல்லோரும் உண்டு எழுந்த பிறகு கடைசிப் பந்தியில் உட்காருபவைதான் மீத்தேன் ஆக்கும் உயிரிகள்.

நாற்றத்துக்கும் மீத்தேனுக்கும் உள்ள பகையும் இதுதான். இரு கூட்டங்களுக்கும் வேண்டியது ஒரே தீனி: ஹைட்ரஜனும் அசிட்டேட்டும் (வினிகர் அமிலத்தின் உப்பு). சல்பேட்டைக் கையாளும் பாக்டீரியாக்கள் மிகக் குறைந்த அளவு ஹைட்ரஜனையும் விடாமல் பொறுக்கிவிடும். அவ்வளவு குறைவில் மீத்தேன் ஆக்கிகள் பிழைக்க முடியாது. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 28 மில்லிமோல் சல்பேட் இருக்கிறது. கடல்நீர் ஏறி இறங்கும் உப்பளச் சதுப்புகளும் அலையாத்திக் காடுகளும் நன்னீர்ச் சதுப்புகளைவிட மிகக் குறைவான மீத்தேனை வெளியிடுவதற்கு இதுவே முதல் காரணம். ஆனாலும் பூஜ்யம் இல்லை. மெத்தனால், மெத்திலமீன் போன்ற சில பொருள்களைச் சல்பேட் கூட்டம் சீண்டுவதில்லை. அவற்றை வைத்து மீத்தேன் ஆக்கிகள் உப்புச் சேற்றிலும் பிழைத்துக்கொள்கின்றன.

இந்த உயிரிகளைப் பழைய பாடப்புத்தகங்கள் பாக்டீரியா என்றே எழுதின. அவை ஆர்க்கியா என்ற தனிப் பெருங்கிளையைச் சேர்ந்தவை என்று 1977இல் உயிரியலாளர்கள் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் காட்டினார்கள். கோரைத் தாளை நேராகத் தின்ன இவற்றுக்கு வாய் கிடையாது. செல்லுலோஸை ஒரு கூட்டம் சர்க்கரையாக உடைக்கும். அடுத்தது அதை நொதிக்கவைத்து புரோப்பியானிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்களாக்கும். மூன்றாவது அவற்றை அசிட்டேட்டாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். கடைசியில் மீத்தேன் ஆக்கிகள் அசிட்டேட்டைப் பிளந்தோ, நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளை ஒரு கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்தோ மீத்தேன் செய்யும். மூன்றாவது கூட்டத்தின் நிலைமை விசித்திரமானது. தான் வெளியிடும் ஹைட்ரஜன் சுற்றிலும் சேர்ந்துவிட்டால் அதற்கு வேலையே ஓடாது. பக்கத்தில் மீத்தேன் ஆக்கி உட்கார்ந்து ஹைட்ரஜனை உடனுக்குடன் வாரிக்கொண்டால்தான் அது உயிரோடு இருக்கும்.

மரக்கட்டையும் நாரும் ஏன் சேற்றில் பல நூற்றாண்டு கிடக்கின்றன என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை உடைக்கும் நொதிகளுக்கு ஆக்சிஜன் தேவை. சேற்றில் அது இல்லை. அதனால் இளம் புல்லும் பாசியும் வேகமாக வாயுவாகும், தண்டும் வேரும் கறுத்தபடி அடுக்காகச் சேரும். குளிர்நாடுகளில் பாசியும் செடியும் இப்படிச் சேர்ந்ததுதான் பீட். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள் உலகக் காடுகளின் மரஞ்செடிகளில் உள்ளதைவிட அதிகக் கார்பனைப் பிடித்துவைத்திருக்கின்றன.

ஒரு சீசாவில் செய்து பார்க்க

1 லிட்டர் கண்ணாடிச் சீசாவில் பாதியளவு குளத்தடிச் சேறு. அதில் நறுக்கிய உலர்புல் 10 கிராம். மீதிக்கு அதே குளத்து நீர், வாய்வரை. குழாய்நீர் வேண்டாம், குளோரின் கெடுக்கும். துளையிட்ட ரப்பர் அடைப்பான் வழியாக ஒரு மெல்லிய குழாயை எடுத்து, நீர் நிரப்பிக் கவிழ்த்த சோதனைக் குழாய்க்குள் விட வேண்டும். சீசாவை எந்தக் காரணத்துக்காகவும் இறுக மூடிவைக்கக் கூடாது. 10 கிராம் தூய செல்லுலோஸ் முழுதாக மக்கினால் கணக்குப்படி ஏறக்குறைய 4.5 லிட்டர் மீத்தேனும் அதே அளவு கார்பன் டை ஆக்சைடும் வரும். புல்லில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும் என்றாலும் மூடிய கண்ணாடியை வெடிக்கவைக்க அது போதும். இருட்டில், 25 முதல் 30 டிகிரியில் வைப்பது நல்லது. வெளிச்சம் பட்டால் பாசி பிடித்து ஆக்சிஜன் விடும்.

முதல் சில நாள்களில் வரும் குமிழியைக் கண்டு மகிழ வேண்டாம். அது பெரும்பாலும் நொதிப்பில் வரும் கார்பன் டை ஆக்சைடு. மீத்தேன் தலைகாட்டச் சில வாரங்கள் ஆகும், ஏனென்றால் பந்தி வரிசை முடிய வேண்டும். அதிகம் பேர் சறுக்கும் இடம் புல்லின் அளவு. சீக்கிரம் வாயு வரட்டும் என்று பச்சைப்புல்லை 50, 60 கிராம் திணித்தால் அமிலம் ஆக்கும் கூட்டம் பாய்ந்து வளரும். மீத்தேன் ஆக்கிகள் மெதுவாகப் பெருகுபவை, ஈடுகொடுக்க முடியாது. அமில அளவைக் காட்டும் பிஹெச் 6க்குக் கீழே இறங்கும், அவை முடங்கும், அமிலம் இன்னும் சேரும். சீசாவைத் திறந்தால் முட்டை நாற்றம் வராது, கெட்டுப்போன வெண்ணெயின் புளிப்பு நாற்றம் வரும். அது பியூட்டிரிக் அமிலம். கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்து பிஹெச்சை 7க்கு அருகே கொண்டுவந்து, புல் சேர்ப்பதை நிறுத்திக் காத்திருந்தால் பல நேரம் தேறிவிடும். ஜிப்சம் போட்டுவிடாதீர்கள். அது கால்சியம் சல்பேட். கடைசிப் பந்திக்காரர்களுக்கு முன்னால் புதிய விருந்தாளியை உட்காரவைத்தது போலாகும்.

மூன்று வழிகள்

சேற்றில் பிறந்த மீத்தேன் வெளியேற மூன்று வழிகள். ஒன்று, நீரில் கரைந்து மெல்ல மேலே பரவுவது. வழிச்செலவு மிக அதிகமான வழி இதுதான். ஆக்சிஜன் உள்ள அந்த மில்லிமீட்டர் மேல்தோலில் மீத்தேனையே உண்டு வாழும் பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. பல இடங்களில் இந்த வழியாக வரும் மீத்தேனில் பெரும்பகுதி அங்கேயே கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடும். பீட் பாசியின் உடலுக்குள்ளேயே இப்படிப்பட்ட பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை தரும் கார்பன் டை ஆக்சைடைப் பாசி ஒளிச்சேர்க்கைக்கு எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, குமிழி. மீத்தேன் நீரில் அவ்வளவாகக் கரையாது. 25 டிகிரியில், நீருக்கு மேலே தூய மீத்தேனே நிரம்பியிருந்தாலும், லிட்டருக்குச் சுமார் 22 மில்லிகிராம்தான். அதற்கு மேல் உண்டாவது குமிழியாகச் சேற்றில் தங்கும். ஒருநாள் கிளம்பினால் மேல்தோலைச் சில நொடிகூட மதிக்காமல் தாண்டிவிடும். ஆழம் குறைந்த நீரில் குமிழிக்கு வழிச்செலவு ஏறக்குறைய இல்லை. ஆழமான ஏரியில் மேலே வருவதற்குள் கணிசமாகக் கரைந்துவிடும்.

குமிழி எப்போது கிளம்பும் என்பது அழுத்தத்தைப் பொறுத்தது. 10 சென்டிமீட்டர் நீர் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 10 ஹெக்டோபாஸ்கல். ஒரு தாழ்வழுத்தம் கடந்து போகும்போது காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், சேற்றைப் பொறுத்தவரை நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் குறைந்தது போலத்தான். குமிழிகள் பருத்து விடுபடும். நல்ல வெயில் நாள்களில் மட்டும் போய் அளப்பவர்களின் கணக்கு ஏன் எப்போதும் குறைவாக இருக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம். மழை மூட்டத்தில் யார் கருவியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்?

மூன்றாவது வழி செடி. நாணல், கோரை, நெல், அல்லி எல்லாவற்றுக்கும் தண்டுக்குள் காற்றறைகள் உண்டு. வேருக்கு ஆக்சிஜன் கொண்டுபோக. அதே குழாயில் மீத்தேன் எதிர்த்திசையில் ஏறிவரும். அல்லி வகைகளில் இன்னும் ஒரு படி மேல்: வெயிலில் சூடாகும் இளம் இலைகள் காற்றை உள்ளே அழுத்த, அது தண்டு வழியாகக் கிழங்குவரை இறங்கி, சேற்று வாயுவையும் அள்ளிக்கொண்டு முதிர்ந்த இலைகளின் வழியே வெளியேறும். ஒரே செடி, ஒரு பக்கம் மூச்சை இழுக்கிறது, மறுபக்கம் விடுகிறது. அமேசான் வெள்ளச் சமவெளியில் மரத்தண்டுகளே பெரிய அளவில் மீத்தேனை விடுகின்றன என்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. செடியால் நட்டம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் சுற்றியுள்ள மீத்தேனை உண்ணவும் உதவுகிறது. எது விஞ்சும் என்பது செடிக்குச் செடி மாறும்.

அளக்கும்போது

கரைந்தும் செடிவழியும் வருவதை அளக்க எளிய கருவி, கவிழ்த்த பெட்டி. 50க்கு 50 சென்டிமீட்டர் அடிப்பரப்பு, 40 உயரம். உள்ளே 100 லிட்டர் காற்று. பெட்டி உட்காரும் சட்டத்தை ஒருநாள் முன்பே சேற்றில் 10 சென்டிமீட்டர் இறக்கிவைக்க வேண்டும். அதன் மேல்விளிம்புக் காடியில் நீர் ஊற்றிப் பெட்டியைப் பொருத்தினால் காற்றுக் கசியாது. உள்ளே பேட்டரியில் ஓடும் சிறு விசிறி, ஒரு வெப்பமானி. 0, 10, 20, 30ஆவது நிமிடங்களில் சிரிஞ்சால் 20 மில்லிலிட்டர் எடுத்து, வெற்றிடமாக்கிய 12 மில்லிலிட்டர் குப்பியில் ஏற்ற வேண்டும். கொள்ளளவைவிட அதிகமாக ஏற்றுவது வேண்டுமென்றே. பிறகு கசிந்தாலும் உள்ளிருந்து வெளியே போகுமே தவிர வெளிக்காற்று உள்ளே கலக்காது.

மில்லியனில் 2 பங்காக இருந்த மீத்தேன் 4, 6, 8 என்று சீராக ஏறியதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 0.2. சதுரமீட்டருக்கு 400 லிட்டர் காற்று. 25 டிகிரியில் ஒரு மோல் வாயு 24.45 லிட்டர், ஆக 16.4 மோல். பெருக்கினால் மணிக்கு 196 மைக்ரோமோல், அதாவது சுமார் 3.1 மில்லிகிராம். நாளுக்கு 75.

இப்போது பதினைந்தாவது நிமிடத்தில் ஒரே ஒரு குமிழி வெடிக்கட்டும். 1 மில்லிலிட்டர், அதில் 60 சதவீதம் மீத்தேன். 100 லிட்டரில் 0.6 மில்லிலிட்டர் என்றால் மில்லியனில் 6 பங்கு. அளவுகள் 2, 4, 12, 14 ஆகிவிடும். சுண்டுவிரல் நுனியளவு குமிழி ஒன்று, அரைமணி நேரம் மொத்தப் பரப்பும் விட்டதற்குச் சமம். நேர்கோட்டில் விழவில்லை என்று இந்தப் பெட்டியைக் குப்பையில் போடுவது பலருடைய வழக்கம். அது தவறு என்பேன். சதுப்பு உண்மையிலேயே விட்ட வாயுவைக் கணக்கிலிருந்து நீக்குகிறோம். ஆனால் அந்தக் குமிழி அளப்பவரின் கால் அழுத்தியதால் வந்திருந்தால் அதைச் சேர்ப்பது அதைவிடத் தவறு. ஆகவே சேற்றில் கால் படாதபடி பலகைப் பாலம் போட்டு, அதன் கால்களைச் சட்டத்திலிருந்து தள்ளி ஊன்ற வேண்டும். இந்தப் பலகைக்குச் செலவு செய்யத் தயங்கிவிட்டு விலையுயர்ந்த பகுப்பாய்வுக் கருவி வாங்குவதில் அர்த்தமில்லை.

குமிழியைத் தனியாகப் பிடிக்கப் புனல் போதும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள புனலை நீருக்குள் கவிழ்த்து, தண்டில் மூன்றுவழி வால்வும் சிரிஞ்சும் பொருத்தி, வால்வுவரை நீர் நிற்கும்படி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட வேண்டும். சாயாமலிருக்க மிதவையும் விளிம்பில் எடையும் கட்டலாம். விளிம்பு சேற்றைத் தொடக் கூடாது. 24 மணி நேரத்தில் 35 மில்லிலிட்டர் சேர்ந்து, அதில் 60 சதவீதம் மீத்தேன் என்றால் சதுரமீட்டருக்கு நாளுக்கு 194 மில்லிகிராம். பெட்டி சொன்ன 75ஐவிட இரண்டரை மடங்கு. ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தால் சேர்ந்த மீத்தேன் மறுபடி நீரில் கரையத் தொடங்கும். புனலில் பாசியும் படியும். ஓரிரு நாளுக்கு ஒருமுறை எடுத்துவிட வேண்டும். ஒரு புனலும் போதாது. குமிழி வரும் இடங்கள் திட்டுத்திட்டாக இருக்கும், பக்கத்துப் புனலில் ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

இந்த வாயு ஏன் இவ்வளவு கணக்குக் கேட்கிறது என்றால், 1750 வாக்கில் பில்லியனில் சுமார் 730 பங்காக இருந்த காற்று மீத்தேன் இன்று 1,900ஐத் தாண்டிவிட்டது. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 27 மடங்கு சூடேற்றும். இயற்கையான மூலங்களில் மிகப் பெரியவை ஈரநிலங்கள்தான். 2007க்குப் பிறகு ஏறிவரும் மீத்தேனில், நுண்ணுயிர் ஆக்கும் மீத்தேனில் அதிகமாகக் காணப்படும் இலேசான கார்பன் அணுவின் (ஐசோடோப்பின்) பங்கு கூடியிருப்பதால், அந்த ஏற்றத்தில் எண்ணெய், எரிவாயுக் கசிவைவிட நுண்ணுயிர் மூலங்களுக்கே பெரிய பங்கு என்று கருதப்படுகிறது. சதுப்பும் அதில் அடக்கம். கால்நடையும் குப்பைமேடும் நெல்வயலும்கூட.

நெல்வயல் மனிதன் கட்டிய சதுப்பு. அங்கே மேல்தோலை நம் கையால் கனமாக்க முடியும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர்விடும் முறையில், பக்கமெல்லாம் துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, அதற்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே அடுத்த பாய்ச்சல். காயும் நாள்களில் ஆக்சிஜன் இறங்கி, இரும்பு மறுபடி துருவேறி, சல்பைடு மறுபடி சல்பேட்டாகி, பந்தி முதலிலிருந்து தொடங்கும். மீத்தேன் பல வயல்களில் பாதியளவு குறைகிறது. பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது, மணி பிடிக்காது. தழைச்சத்து உரத்தை அள்ளிப்போட்டுக் காயவிட்டால், அதுவும் சூடேற்றும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும் என்பதையும் மறக்கக் கூடாது.

வடிகாலிட்டு உலர்த்திய பீட் நிலத்தைத் திரும்ப நனைக்கும்போதும் இதே கணக்குத்தான், எதிர்ப்பக்கத்திலிருந்து. உலர்ந்த பீட் ஆண்டு முழுக்கக் கார்பன் டை ஆக்சைடாகக் கரைகிறது. அதை நிறுத்த நீர்மட்டத்தை உயர்த்த வேண்டும். ஆனால் மதகை அடைத்து ஒரே மூச்சில் முக்கினால் அங்கே நின்ற புல் முழுவதும் அழுகி, முதல் சில ஆண்டுகள் மீத்தேன் கொப்பளிக்கும். நீர் ஏறுவதற்கு முன் புல்லை அறுத்து வெளியே அள்ளிவிட வேண்டும். பல காலம் உரமிட்ட நிலமென்றால் மேல்மண்ணையும் சீவி எடுப்பார்கள். நீர்மட்டத்தைத் தரைக்குக் கீழே 10 சென்டிமீட்டர் அளவில் நிறுத்தினால் பீட்டின் பெரும்பகுதி ஈரத்தில் கிடக்கும், மேலே மீத்தேன் உண்ணிகளுக்கு ஒரு விரற்கடைக்கும் கூடுதலான இடம் மிஞ்சும். கோடையில் அந்த 10 சென்டிமீட்டரைக் காப்பாற்றத்தான் மதகில் ஒரே பெரிய கதவுக்குப் பதில் ஒவ்வொன்றாகச் செருகும் பலகைகளை வைப்பது.